கறுப்புக் கோடு

சிட்டு வளர்ந்த வேகத்தைப் பார்த்து வீடே பூரித்துக் கிடந்தது. ஆறு வயதுதான் ஆகிறது, எட்டு வயது அத்தை மகளை உயரத்தில் முந்திவிட்டாள். அப்பா அவளை ஒட்டகச்சிவிங்கி என்று கேலி செய்வார். அத்தையோ, அது எங்கள் வீட்டு உயரமாக்கும் என்று சந்தடி சாக்கில் பெருமையைத் தன் பக்கம் இழுத்துக்கொள்வாள். அம்மாவும் சேர்ந்து சிரித்தவள்தான். அவள் ஆட்டுப் பண்ணையில் கால்நடை டாக்டர் என்பதுதான் கொடுமை. மற்றவர்களுக்குத் தெரியாமல் போகலாம், அவளுக்குமா தெரியாமல் போகும்?

பண்ணையில் ஓர் ஆராய்ச்சி அவள் பொறுப்பில் நடந்துகொண்டிருந்தது. குட்டிகளின் காது மடலுக்குள் ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் கலந்த பசையைத் தினமும் தேய்க்க வேண்டும். வளரும் எலும்பின் முனையில் குருத்தெலும்புப் பட்டை ஒன்று இருக்கும், எக்ஸ்ரேயில் அது கறுப்புக் கோடாகத் தெரியும். அந்தக் கோடு இருக்கும்வரைதான் எலும்பு நீளும். மருந்து பட்ட குட்டிகள் முதலில் மளமளவென்று உயர்ந்தன. அப்புறம் கோடு மூடிக்கொள்ள, அதோடு நின்றுபோயின.

கையுறை போட்டுத்தான் தேய்க்க வேண்டும் என்பது விதி. ஆனால் ரப்பர் வாடை பட்டாலே குட்டிகள் துள்ளிக் குதித்து ஓடின. வெறும் விரல் என்றால் காதைக் கொடுத்துவிட்டுச் சமர்த்தாக நின்றன. போகப் போக அவள் கையுறையையே மறந்துவிட்டாள். வேலை முடிந்ததும் கையைத் தண்ணீரில் ஓர் அலசு அலசிக்கொண்டு வீட்டுக்கு ஓடுவாள். சிட்டுக்கு வறண்ட தோல். வந்த கையோடு அவளை மடியில் போட்டுக் கை கால் முழுக்கக் க்ரீம் தடவிவிடுவாள்.

அன்று மதியம், இருப்பதிலேயே நெட்டையான குட்டியின் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். கோட்டைக் காணோம். இனி அது துளிகூட உயராது. படத்தைக் கீழே வைக்கும்போது தன் விரல் நுனியில் பசை மினுமினுப்பதைப் பார்த்தாள். இதே விரலால்தான் தினமும் சிட்டுவுக்குக் க்ரீம் தடவுகிறாள்.

பள்ளிக்கூடத்திலிருந்து மகளை இழுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். எங்கே போகிறோம், ஏன் போகிறோம் என்று சிட்டு வழியெல்லாம் துளைத்தெடுத்தாள். அம்மா நடையை எட்டிப் போட்டாள். கணவனைப் போனில் கூப்பிடவும் துணிச்சல் இல்லை. என்னவென்று சொல்வாள்?

குழந்தை டாக்டர் சிட்டுவின் இடது கை எக்ஸ்ரேயை மாட்டினார். அவர் வாயைத் திறக்கும் முன்பே அம்மாவின் கண் மணிக்கட்டுக்குப் போனது. கோடு இருந்தது. ஆனால் ஆறு வயதுக்கு இருக்க வேண்டிய கோடு இல்லை அது. மெலிந்து போயிருந்தது.

"எலும்பு ஒன்பது வயசுப் பொண்ணோடது மாதிரி இருக்கு. வீட்ல யாராவது ஹார்மோன் க்ரீம் ஏதாவது போடுறாங்களா?"

"என் கையிலேர்ந்துதான் டாக்டர் போயிருக்கு. நான்தான்."

இப்போதே நிறுத்திவிட்டால் வளர்ச்சி பழைய வேகத்துக்குத் திரும்பலாம் என்றார் அவர். வளர்ந்து முடிக்கும்போது இருக்க வேண்டிய உயரத்தில் குறை விழுமா என்பதை அடுத்த எக்ஸ்ரேயைப் பார்க்காமல் சொல்ல முடியாது. வேலையில் கையுறை போட்டு, சோப்பால் நன்றாகக் கழுவினால் பிள்ளையைத் தாராளமாகத் தொடலாம் என்றும் சொன்னார். அது மட்டும் அவள் காதில் ஏறவே இல்லை. குழாயடியில் நின்று தோல் சிவந்து எரியும்வரை கையைத் தேய்த்தாள். முகர்ந்து பார்த்துவிட்டு மறுபடியும் தேய்த்தாள்.

ரத்தம் எடுக்க நர்ஸ் ஊசியோடு வந்தாள். சிட்டுவின் முகம் சுருங்கிப்போயிற்று.

"அம்மா, கையைப் பிடிச்சுக்கோ."

அம்மாவின் இரண்டு கைகளும் தாமாகவே முதுகுக்குப் பின்னால் போய்விட்டன. கொஞ்சம் நீங்களே பிடித்துக்கொள்ளுங்கள் என்று நர்ஸைக் கெஞ்சினாள். ஊசி இறங்கியது. சிட்டு அழவில்லை, அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் என்ன தப்பு பண்ணேம்மா?"