கதவைச் சீவியவர்கள்

வீட்டுக்குப் பின்னால் ஒட்டிக் கட்டிய அறையின் கூரை தொய்கிறது என்று அந்த வீட்டில் யாரும் சொன்னதில்லை. கதவு இடிக்கிறது என்றுதான் சொல்வார்கள். ஒவ்வொரு மழைக்கும் அப்பா கதவைக் கழற்றி, மேல்விளிம்பை இழைப்புளியால் சீவுவார். மரம் ஊறிவிட்டது என்பார். சீவிச் சீவிக் கதவு ஒரு பக்கம் குட்டையாகிப்போனது.

கூரையைச் சொல்லாததன் காரணம் எல்லாருக்கும் தெரியும். அறையைக் கட்டியவர் மூத்த மாப்பிள்ளை. மாமனாருக்கென்று ஓர் இடம் வேண்டும் என்று, விடுமுறை நாள்களில் தன் கையாலேயே கட்டினார். அவரிடம் குறை சொல்லிவிட்டு யாரும் நிம்மதியாக இருந்ததில்லை. ஜன்னல் கொக்கி சரியில்லை என்று இளைய மகள் ஒருமுறை வாய்தவறிச் சொன்னதற்கு, அக்கா ஒரு மாதம் அவளோடு பேசவில்லை.

இந்த மழைக்கு இளையவள் கதவைப் பார்க்கவில்லை. அண்ணாந்து பார்த்தாள். சீலிங் நடுவில் வயிறு போட்டிருந்தது. நேர் கீழே அப்பாவின் கட்டில். யாரையும் கேட்காமல் தச்சரைக் கூட்டிவந்தாள்.

தச்சர் இரண்டு பலகையைப் பெயர்த்து டார்ச் அடித்தார். விட்டம் மெலிசு, நடுவில் ஒட்டுப் போட்டது, ஒட்டு விலகத் தொடங்கிவிட்டது. உடனே ஜாக்கி வைத்து முட்டுக் கொடுக்க வேண்டும், பிறகு இருபக்கமும் புதுச் சட்டம் சேர்த்து போல்ட் போட்டு இறுக்கலாம் என்றார்.

அதற்குள் செய்தி அக்கா வீட்டுக்குப் போய்விட்டது. அத்தான் வந்தார். யார் முகத்தையும் பார்க்காமல் நேராகக் கட்டிலில் போய் மல்லாந்து படுத்துக்கொண்டார்.

"விழட்டும். எம்மேலயே விழட்டும்."

"எந்திரிங்க அத்தான். ஜாக்கி வைக்கணும்."

"இன்ஜினியரம்மா சொல்லிட்டாங்க. மாமா சொல்லட்டும். இத்தனை வருஷம் இங்க படுக்குறவர் அவர். ஒரு வார்த்தை சொல்லியிருப்பாரா?"

மேலே மரம் முனகியது. தச்சர் ஜாக்கியைக் கட்டிப்பிடித்தபடி, மாமியார் மருமகள் சண்டையில் மாட்டிக்கொண்டவரைப் போல வெளியே பின்வாங்கினார்.

அப்பா உள்ளே போனார். இளையவள் கையைப் பிடித்தாள், உதறினார். மாப்பிள்ளையின் கால்மாட்டில் உட்கார்ந்து, தரையைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"ராத்திரி நான் இங்க படுக்குறதில்ல மாப்ள. எல்லாரும் தூங்குனதும் தலகாணிய எடுத்துட்டு சமையக்கட்டுக்குப் போயிடுவேன். விடியுறதுக்குள்ள வந்துடுவேன். பயமா இருக்கு."

அதே வீட்டில் இருக்கும் இளையவளுக்கும் இது தெரியாது.

அத்தான் கொஞ்ச நேரம் மேலேயே பார்த்துக்கொண்டிருந்தார். "எத்தனை நாளா?" என்றார்.

அத்தான் எழுந்தார். மாமனாரைத் தோளைப் பிடித்து வெளியே கொண்டுவந்து விட்டார். திரும்பப் போய்க் கட்டிலைத் தானே இழுத்து ஓரம் தள்ளினார். தச்சர் ஜாக்கியை நிறுத்தித் திருகத் திருக, கூரை கடகடத்து, பிறகு நின்றது. காபி குடித்துவிட்டுப் போகலாம் என்று சொல்ல இளையவள் திரும்பினாள். அத்தான் அங்கே இல்லை.

சாயங்காலம் அக்கா போன் செய்தாள். அத்தான் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறாராம். சாப்பிட எழுப்பினால் எழுந்திருக்கவில்லையாம்.

"அப்படி என்னடி சொன்னீங்க?"

எதிரே அப்பா, வேண்டாம் என்று கையை ஆட்டினார். இளையவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"அப்பாவுக்கு அங்க படுக்கப் பயமா இருந்துச்சாம்க்கா. அதத்தான் சொன்னாரு."

"அத அவர்கிட்டயா சொல்லுவாங்க?" என்றாள் அக்கா. போனை வைத்துவிட்டாள்.