ஊதாப்பூவை வெட்டாதவர்

1

இந்தக் கதைக்குக் காரணம் என் முழங்கால். மருத்துவர் நடக்கச் சொன்னார். வேறு வழியில்லாமல் ஆற்றங்கரையில் நடந்தேன். கரை நெடுகப் புல்லை ஒட்ட வெட்டியிருந்தார்கள். நடுவில் ஒரு கட்டில் அகலத்துக்கு மட்டும் ஊதாப்பூக்கள் இடுப்பளவு உயரத்தில் நின்றன. யார் விட்டுவைத்தது, ஏன் என்று நான் யாரையும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பதில் கிடைத்திருக்கும், கதை கிடைத்திருக்காது.

2

முதல் தொடக்கம்: “பனி விலகிய காலையில் நதி தன்”

(வேண்டாம். நதி அதன் பாட்டுக்குப் போகட்டும்.)

இரண்டாவது: “கோடை முடியும்போது கரையில் மஞ்சள் அடங்கி ஊதா எழும்பும்.”

(பரவாயில்லை. முதலில் தரையோடு தரையாக வெள்ளைப்பூ, வெயில் ஏறியதும் மஞ்சள், மழைக்கு முன்னால் ஊதா. எல்லாம் சரி, ஆளைக் காணோமே?)

மூன்றாவது: “புல்வெட்டும் வண்டி ஓட்டுபவருக்கு இன்று சாயங்காலம் வரைதான் கெடு.”

இதை வைத்துக்கொள்கிறேன். ஆனால் நாம் அவர் பின்னால் போகப்போவதில்லை, அவர் மனைவியோடு இருப்போம்.

3

அவள் ஒரு தங்கும் விடுதியின் சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி போடுகிறாள். அங்கே காலையிலேயே கணவரின் சூப்பர்வைசர் வந்து நின்றார்.

“அக்கா, நீங்களாவது எடுத்துச் சொல்லுங்க. அந்த ஊதாப்பூ நடைபாதையில சாயுதுன்னு புகார் மேல புகார். இன்னைக்குச் சாயங்காலத்துக்குள்ள வெட்டலைன்னா, வண்டியை வேற ஆளுக்குக் குடுத்துட்டு அவரைச் சாக்கடை வேலைக்கு அனுப்பணுமாம். கேட்டா, ‘என் வீட்டுக்காரிக்குப் பிடிக்கும், வெட்டமாட்டேன்’னு ஒத்தைக்கால்ல நிக்கிறாரு.”

அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது.

கல்யாணமான புதிதில் ஒருமுறை “அதை வெட்டாதீங்க” என்று சொன்னது வாஸ்தவம்தான். பூவுக்காகச் சொல்லவில்லை, உள்ளே ஒரு பறவை அடைகாத்துக்கொண்டிருந்தது. குஞ்சுகள் பறந்துபோய் எத்தனையோ காலம் ஆகிவிட்டது. இவர் மட்டும் வருஷம் தவறாமல் அந்த இடத்தைச் சுற்றி வண்டியை வளைத்து ஓட்டுகிறார். பூத்ததும் அவளைக் கூட்டிப்போய்க் காட்டுகிறார். அவளுக்கோ அந்தப் பூவின் தூள் ஆகவே ஆகாது. மூக்கு அடைத்து, கண் சிவந்து, தண்ணீர் தாரை தாரையாகக் கொட்டும். மனுஷன் அதை ஆனந்தக் கண்ணீர் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார், பாவம்.

(இத்தனை வருஷத்தில் ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் கேட்டேன். “அவ்வளவு ஆசையா கூட்டிட்டுப் போறவர்கிட்ட எப்படிச் சொல்றது?” என்றாள்.)

4

முடிவு ஒன்று: உண்மையைச் சொல்கிறாள். அவர் சிரித்துக்கொண்டே வெட்டிவிடுகிறார். (இவ்வளவு சுலபமாகவா? நானும் கல்யாணமானவன்தான்.)

முடிவு இரண்டு: அவர் சாப்பிடப் போன நேரம் அவளே அரிவாளோடு போய்

(இல்லை. அவள் அப்படிச் செய்ய மாட்டாள்.)

முடிவு மூன்று: சும்மா இருந்துவிடுகிறாள். அவரைச் சாக்கடைக்கு அனுப்புகிறார்கள். (அந்தப் புல்வெட்டும் வண்டியில் ஏறி உட்கார்ந்ததும் அவர் முதுகு நிமிர்வதை அவள் பார்த்திருக்கிறாள். அதைப் பறிக்க எனக்கே மனசு வரவில்லை, அவளுக்கு எப்படி வரும்?)

5

அரை நாள் லீவு சொல்லிவிட்டு அவள் கரைக்குப் போனாள். பூக்களுக்கு முன்னால் வண்டி நின்றது. அவர் அதில் சாய்ந்து நின்றார்.

“வெட்டிடுங்க.”

“உனக்குப் பிடிக்குமே.”

“பிடிக்காதுங்க. எனக்கு ஆகவே ஆகாது. கண்ணு எரிஞ்சுதான் தண்ணி கொட்டுது. நான் சொன்னது அன்னைக்கு இருந்த பறவைக்காக.”

அவர் முகம் வாடி

(அந்த வரியை அடித்துவிட்டேன். முகம் வாடவில்லை.)

“பறவை விஷயம் தெரியாது. கண்ணு எரியறது தெரியும்,” என்றார்.

இதை நான் எழுதுவதாகவே இல்லை. அவர் பாட்டுக்குச் சொல்லிவிட்டார்.

“தெரியுமா? தெரிஞ்சுமா கூட்டிட்டு வந்தீங்க?”

“கண்ணைத் திறக்க முடியாம வீடு வரைக்கும் என் கையைப் பிடிச்சுட்டே வருவே. மத்த நாள்ல நீ எங்க, நான் எங்க? நீ ஓவர்டைம் முடிச்சு ராத்திரி வரும்போது நான் தூங்கிடுறேன்.”

அவள் பொரிந்து தள்ளுவாள் என்று எதிர்பார்த்தேன். தள்ளவும் நியாயம் இருக்கிறது. கண்ணைத் துடைத்துக்கொண்டு அவரையே பார்த்தாள். பிறகு கையை நீட்டினாள்.

“அதுக்குப் பூ எதுக்குங்க? என்கிட்ட கேட்டா தரமாட்டேனா?”

6

இதற்கு மேல் எழுதினால் அவர்கள் இருவருக்கும் நடுவில் நான் போய் நிற்பதாக ஆகிவிடும். வெட்டினாரா, விட்டாரா என்பதை நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள். அதற்கு முன் ஒரு சின்ன உதவி. அதோ, சூப்பர்வைசர் வந்துகொண்டிருக்கிறார். அவரிடம் எதையாவது பேசிக் கொஞ்ச நேரம் அங்கேயே பிடித்துவையுங்கள்.