'ஐடா'வை அனுப்பியவர்

எத்தனை முறை சீவினாலும் அப்பாவின் தாடியிலிருந்து மணல் உதிர்ந்துகொண்டே இருந்தது. லெம்பி சீப்பைத் துடைத்துவிட்டு மறுபடியும் குனிந்தாள்.

"போதும் விடுடி. கொஞ்சம் மணல் அவரோட போகட்டும்," என்றாள் அம்மா.

மரக் கம்பெனிக்காகத் தெப்பம் இழுக்கும் 'ஐடா' இழுவைப் படகு சுப்பீரியர் ஏரியில் மூழ்கி நான்கு நாளாகிவிட்டது. கேப்டனான அப்பா யால்மரின் உடலைக் கரைப் பாறைகள் திருப்பிக் கொடுத்தன. என்ஜின்காரன் வெய்க்கோ இன்னும் கிடைக்கவில்லை. புயல் கொடி ஏற்றிய பிறகும் பிடிவாதமாகப் படகை எடுத்துப் போய் வெய்க்கோவையும் கொன்றுவிட்டார் என்று ஊர் பேசியது. வெய்க்கோவின் மனைவி ஹெல்வி இந்த வீட்டுப் பக்கம் திரும்பவே இல்லை.

"அம்மா, அன்னிக்குக் காலைல கம்பெனியிலேருந்து அப்பாவுக்கு வந்த ஃபோனை நான்தான் போட்டுக் குடுத்தேன். பேசினதையும் கேட்டேன்."

அம்மா சட்டைப் பொத்தான்களை ஒவ்வொன்றாக மாட்டினாள்.

"வெளியில சொன்னா எக்ஸ்சேஞ்சுல வேலை போயிடும், இல்ல?"

"போயிடும்."

அம்மா கடைசிப் பொத்தானையும் மாட்டினாள்.

தேவாலயத்தில் பாதிரியார் முடித்ததும், மரக் கம்பெனி மேனேஜர் டிரெம்பாத் எழுந்தார்.

"மரத் தெப்பம் போனா போகட்டும் யால்மர், உசிருதான் முக்கியம்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன். கேக்கல. அவன் சுபாவம் அப்படி. வீரன்."

எதிர்ப்பக்க முன்வரிசையில் ஹெல்வியின் தலை இன்னும் தாழ்ந்தது. லெம்பி எழுந்தாள்.

"அந்த ஃபோன் என் கை வழியாத்தான் போச்சு ஐயா. ஒன்பதே கால் மணி. 'கொடி ஏத்தியாச்சு, வெய்க்கோவுக்கு ரெண்டு குழந்தைங்க, நான் போகமாட்டேன்'னு அப்பா சொன்னார். நீங்க என்ன சொன்னீங்க?"

"பொண்ணு துக்கத்துல ஏதோ…"

"'மத்தியானத்துக்குள்ள மரம் கரைக்கு வரலைன்னா, நாளைக்கு ஐடாவுல வேற ஆளுங்க இருப்பாங்க. வெய்க்கோவும் வீட்டுக்குப் போகலாம்.' இதுதான் நீங்க சொன்னது. ஒரு வார்த்தை கூட்டல, குறைக்கல."

டிரெம்பாத்தின் முகம் சிவந்தது. "ஒட்டுக் கேட்டதை ஊர்முன்னால ஒத்துக்கிறியா? உன் வேலை போச்சுன்னு வெச்சுக்கோ."

"தெரியும் ஐயா. தெரிஞ்சுதான் எழுந்திரிச்சேன்."

யாரோ இருமினார்கள். ஹெல்வி மெல்ல எழுந்து, நடைவழியைக் கடந்து வந்து, லெம்பிக்கும் அம்மாவுக்கும் நடுவில் இடம் விடச் சொல்லி உட்கார்ந்தாள். மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

அடக்கம் முடிந்து, தேவாலயத்தின் கீழ்க்கூடத்தில் எல்லோரும் காப்பிக்கு உட்கார்ந்தார்கள். கிளம்பிப் போனால் ஒப்புக்கொண்டதாகிவிடும் என்று டிரெம்பாத்தும் உட்கார்ந்தார். அம்மாதான் கெட்டிலை எடுத்தாள். ஹெல்விக்கு ஊற்றினாள். பெட்டியைச் சுமந்தவர்களுக்கு ஊற்றினாள். சேற்றுப் பூட்ஸோடு வாசலிலேயே தயங்கி நின்ற குழி வெட்டியவரை உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்து ஊற்றினாள். டிரெம்பாத் கோப்பையை நீட்டினார். அம்மா அவரைத் தாண்டி அடுத்தவருக்கு ஊற்றினாள்.

கெட்டில் காலியானது. இன்னொன்று வந்தது. மேசை முழுக்க ஆவி பறந்தது. டிரெம்பாத்தின் கோப்பையில் அவர் போட்டு வைத்த சர்க்கரைக் கட்டி கரையாமலே கிடந்தது.