பன்னிரண்டாவது ஆளுக்கு எறிந்த கொடி

அக்டோபர் மாதத்து இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை, வட லண்டன் அரங்கொன்றில் நடந்த அமெரிக்கக் கால்பந்து ஆட்டத்தில், பதினாறு வருடங்களுக்கு முன் காணாமல் போன தன் அண்ணன் தர்சிகன் மீது நிசாந்தன் மஞ்சள் கொடியை எறிந்தான். கொடி அண்ணனின் முழங்காலில் பட்டுப் புல்லில் விழுந்தது. எடுத்துப் பார்த்தபோது ஈரமாக இருந்தது. அன்று லண்டனில் மழை இல்லை.

நிசாந்தன் கிழமை நாட்களில் கிராய்டனில் ட்ராம் ஓட்டுகிறவன். ஞாயிறுகளில், சம்பளத்துக்கு ஆடுகிறவர்களின் லீக் ஒன்றில் நடுவர்களில் ஒருவன். ஆடுகளத்தின் கடைசிக் கட்டத்தின் ஓரத்தில் நின்று, பந்தோடு வந்தவன் கோட்டைத் தாண்டினானா என்று பார்ப்பதும், தாண்டியபின் நடக்கும் கொண்டாட்டத்தைப் பார்ப்பதும் அவன் வேலை. அந்த ஆட்டத்தில் கொண்டாட்டத்துக்கும் விதி உண்டு. களத்தில் நிற்கும் பதினொரு பேரும் ஆடலாம், உருளலாம். வெளியிலிருந்து ஓராள் வந்து சேர்ந்தால் குற்றம், நடுவர் விசில் ஊதிக் கொடி எறிவார், அணி பதினைந்து யார் தூரம் பின்னுக்குப் போகவேண்டும். லண்டன் அணிக்காரருக்குப் படகு விளையாட்டுத்தான் பிடித்தம். புள்ளி எடுத்ததும் பதினொருவரும் ஒருவர் பின் ஒருவராகப் புல்லில் உட்கார்ந்து, இல்லாத துடுப்புகளை வலிப்பார்கள். அரங்கம் முழுவதும் எழுந்து நின்று தாளம் போடும். அன்று அவர்களோடு பன்னிரண்டாவதாக ஒருவன் இருந்தான். அவன் உட்காரவில்லை. சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, இடுப்பு வரை நனைந்தபடி, கடைசியில் இருந்தவனின் முதுகில் இரண்டு கைகளையும் ஊன்றிப் படகைத் தள்ளிக்கொண்டிருந்தான். அவனுக்கு வயது இருபது. நிசாந்தனுக்கு முப்பது. தன்னிலும் இளையவனாக நின்ற அவனைப் பார்த்து, அண்ணை என்று வாய் வரை வந்த சொல்லை விழுங்கிவிட்டுத்தான் நிசாந்தன் கொடியை எறிந்தான்.

தலைமை நடுவர் ஹாரிஸ் ஓடிவந்து, குற்றம் செய்தவனின் சட்டை எண் என்ன என்று கேட்டார். எண் இல்லை என்றான் நிசாந்தன். ஹாரிஸ் பழைய ஆள். தன் நடுவரைக் களத்தில் வைத்துக் கேள்வி கேட்கும் வழக்கம் அவரிடம் இல்லை. ஒலிவாங்கியை அழுத்தி, லண்டன் அணி, எண் இல்லாத ஆட்டக்காரர், பதினைந்து யார் தண்டனை என்று அறிவித்தார். அரங்கம் ஊளையிட்டது. பிறகு படத்தைப் போட்டுப் பார்த்தார்கள். பதினொரு பேர்தான் இருந்தார்கள். ஆனால் அந்தப் பதினொரு பேரும், ஒருவரும் காலை உதைக்காமலே, உட்கார்ந்த நிலையில் ஒரு முழம் முன்னால் நகர்ந்திருந்தார்கள். புதன்கிழமைக்குள் அந்த இடத்துப் புல் கருகிவிட்டது. மண்ணைச் சோதித்த பராமரிப்பாளர், உப்பு என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் புதுப் புல் பதித்தார்.

அடுத்த ஆட்டத்திலும் அப்படியே நடந்தது. அதற்கடுத்த ஆட்டத்தில் அந்தப் பதினைந்து யார் தண்டனையால் லண்டன் தோற்றது. தொலைக்காட்சியில் பழைய ஆட்டக்காரர்கள் வெற்றுப் புல்லைச் சுற்றி வட்டம் கீறி வாதாடினார்கள். நிசாந்தனைக் கண்டால் ட்ராமில் சிலர் வேண்டுமென்றே பன்னிரண்டு வரை எண்ணினார்கள். லீக் விசாரணை வைத்தது. படகில் எப்போதும் கடைசியாக உட்காரும் அணித்தலைவன் மார்கஸ், ஒரு கதவளவு முதுகு உள்ளவன், தன் முதுகில் இரண்டு குளிர்ந்த கைகள் படுவது உண்மை என்றும், அவை கெட்ட கைகள் அல்ல என்றும் சாட்சி சொன்னான். விசாரணைக்காரர்கள் அதைக் குறித்துக்கொண்டார்கள். ஆனாலும், கண்ணுக்குத் தெரியாத ஆளுக்கு இன்னொரு கொடி எறிந்தால் இனிமேல் வரவேண்டாம் என்று நிசாந்தனிடம் சொல்லி அனுப்பினார்கள்.

விஷயம் அவர்கள் வீடிருந்த நோர்பரிக்குத் தமிழ்க் கடை வழியாக வந்தது. நிசாந்தனின் தாய் கலாவதி மரக்கறி வாங்கப் போன இடத்தில், உங்கடை மகன் இல்லாத ஆளுக்குக் கொடி எறியிறாராம் என்று யாரோ சிரித்திருக்கிறார்கள். அவள் வீட்டுக்கு வந்து பையை மேசையில் வைத்தாள்.

"ஆரடா அது?"

"அண்ணை."

கலாவதி கதிரையை இழுத்து உட்கார்ந்தாள். மூத்தவனின் படத்துக்கு அவள் இதுவரை மாலை போட்டதில்லை. போடச் சொன்னவர்களோடு பேசுவதையும் நிறுத்தியிருந்தாள்.

"மெலிஞ்சிருக்கிறானோ?"

"அப்பிடியேதான் இருக்கிறார், அம்மா. படகைத் தள்ளிக்கொண்டு நிக்கிறார்."

தர்சிகன் கடைசியாகத் தள்ளிய படகில் அவர்கள் இருவரும் இருந்தார்கள். போரின் கடைசி நாட்களில், நந்திக்கடல் உப்புநீர்க் களப்பில், சனம் கூடிப் படகு சேற்றில் இறுகியபோது, தர்சிகன்தான் தண்ணீருக்குள் குதித்துப் பின்னால் நின்று தள்ளினான். படகு விடுபட்டு ஓடியது. திரும்பிப் பார்த்தபோது தண்ணீர் மட்டும்தான் இருந்தது. நிப்பாட்டுங்கோ, அண்ணை ஏறேல்லை என்று பதினான்கு வயது நிசாந்தன் கத்தியதைக் குண்டுச் சத்தத்தில் யாரும் கேட்கவில்லை.

"பிறகேன் அவனுக்குக் கொடி எறியிறாய்?"

"கொடி எறிஞ்சு விசில் ஊதினால் எல்லாரும் அப்பிடியே நிக்கோணும், அம்மா. அதுதான் விதி. அண்ணையும் நிப்பார் எண்டு பாத்தன்."

"நிக்கிறானோ?"

"இல்லை. விசில் கேட்ட உடனை போயிடுறார்."

"சேத்துக்கை நிண்டு தள்ளுறவனுக்கு விசில் அடிச்சால் அவன் ஓடாமல் என்ன செய்வான்?" என்றாள் கலாவதி. பிறகு, "எனக்கொரு டிக்கெட் எடு" என்றாள்.

நவம்பர் மாதத்தில் அவள் முதல்தடவையாக அந்த அரங்குக்குப் போனாள். கடைசிக் கட்டத்துக்குப் பின்னால், கீழ் வரிசையில், கம்பளிக் குல்லாவும் கோட்டுமாக உட்கார்ந்திருந்தாள். ஆட்டம் அவளுக்கு விளங்கவில்லை. இடைவேளைக்குப் பிறகு லண்டன் அணி புள்ளி எடுத்தது. பதினொருவரும் உட்கார்ந்தார்கள். பின்னால் தர்சிகன் தண்ணீர் சொட்ட நின்று, குனிந்து, தள்ளத் தொடங்கினான். நிசாந்தனின் கை இடுப்பிலிருந்த கொடிக்குப் போனது. அரங்கத்தில் அத்தனை ஆயிரம் பேரும் கத்திக்கொண்டிருந்தார்கள். ஆனால் நிசாந்தனுக்குத் தாயின் குரல் மட்டும்தான் கேட்டது.

"விடு, தம்பி. அவன் தள்ளட்டும்."

நிசாந்தன் கையை எடுத்தான். விசில் ஊதாமல் நிற்பது அவனுக்குக் கடினமாக இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றான். படகு நகர்ந்தது. முதலில் ஒரு முழம், பிறகு ஓர் ஆள் நீளம். வலித்துக்கொண்டிருந்தவர்கள் வலிப்பதை நிறுத்திவிட்டுக் கைகளைப் புல்லில் ஊன்றப் பார்த்தார்கள், நிற்கவில்லை. பதினொரு பெரிய உடம்புகளும் கடைசிக் கட்டத்தைக் கடந்து, கோட்டைக் கடந்து, புகைப்படக்காரர்கள் விலகி ஓட, கலாவதி இருந்த வரிசைக்குக் கீழே சுவரில் மெதுவாக முட்டி நின்றன. அரங்கம் அடங்கிப்போனது. தர்சிகன் இன்னும் தள்ளிக்கொண்டிருந்தான். அவன் குனிந்த தலையை நிமிர்த்தவே இல்லை.

கலாவதி சுவரின் மேலாகக் குனிந்தாள்.

"காணும், ராசா" என்றாள். "கரை வந்திட்டுது."

அவன் கையை எடுத்தான். நிமிர்ந்து, தாயைப் பார்த்து, பிறகு தம்பியைப் பார்த்து, ஓடி முடித்தவன் மாதிரி மூச்சு வாங்கினான். ஹாரிஸ் வந்து நிசாந்தனிடம் கொடி உண்டா என்று கேட்டார். இல்லை என்றான் நிசாந்தன். மார்கஸின் முதுகில் இருந்த ஈரமான இரண்டு கைத்தடங்களை ஹாரிஸ் பார்த்தார். பிறகு ஆட்டத்தைத் தொடங்கினார்.

அதன்பிறகு தர்சிகன் தள்ளுவதில்லை. வருவான், மார்கஸுக்குப் பின்னால் உட்காருவான், மற்றவர்களோடு சேர்ந்து வலிப்பான். புல் இப்போதும் கருகுகிறது, இப்போதும் மாற்றுகிறார்கள். அடுத்த பருவத்துக்கான விதிகளில், எண் இல்லாதவரை எண்ணவேண்டியதில்லை என்று லீக் ஒரு வரி சேர்த்தது. ஒருவரும் எதிர்த்து வாக்களிக்கவில்லை. இப்போது எந்த அணி புள்ளி எடுத்தாலும் அவன் வருகிறான் என்பதால், எதிரணிக்காரரும் சுற்றி நின்று ஆடுகிற இடத்தில் ஓராள் நிற்க இடம் விட்டு ஆடுகிறார்கள். கலாவதி பருவம் முழுவதற்குமாக டிக்கெட் வாங்கிவிட்டாள். அவள் இரண்டு பக்கத்துக்கும் கை தட்டுகிறாள். லண்டன் தோற்றுக்கொண்டிருக்கும்போதும் எதிரணி புள்ளி எடுத்ததும் அவள் எழுந்து நின்று கை தட்டுவதைப் பார்த்து, அவள் வரிசையில் இருப்பவர்கள் முதலில் முறைத்தார்கள். இப்போது, அவளுக்கு மறைக்காமல் இருக்கட்டும் என்று, பின்னால் சாய்ந்துகொள்கிறார்கள்.