ஆற்றுமணலில் வந்த யானை

ஹுவாப் ஆற்றில் தண்ணீர் ஓடிப் பல மாதங்கள் ஆகியிருந்தன. அந்த மணலில் சைக்கிள் மிதிக்க முடியாமல் ரிபூரேயும் அவள் கணவன் காவெட்டோவும் இறங்கித் தள்ளிக்கொண்டு போனார்கள். மலையை ஒட்டிய திருப்பத்தில் ஒரு பெண் யானை, குட்டியோடு நின்றுகொண்டிருந்தது.

"அசையாத," என்றாள் ரிபூரே.

யானை தும்பிக்கையைத் தூக்கி மோப்பம் பிடித்தது. பிறகு காவெட்டோவை நோக்கி நேராக நடந்து வந்தது.

"உன் பையில என்னய்யா இருக்கு?"

"ஆரஞ்சு. உனக்குப் பிடிக்குமேன்னு..."

"யானைக் காட்டுக்கு ஆரஞ்சு கொண்டுவந்த ஆளு நீ ஒருத்தன்தான்! சைக்கிள விட்டுட்டு ஓடு!"

"தண்ணியெல்லாம் இதுலதான் இருக்கு!"

"மொதல்ல உசுரோட இரு!"

இருவரும் ஓடிப்போய்ப் பாறைமேல் ஏறிக்கொண்டார்கள். யானை பையைக் கிழித்தது. உருண்டோடிய பழத்தைக் குட்டி துரத்தியது. தாயின் காலடியில் சக்கரம் நொறுங்கும் சத்தம் கேட்டதும் காவெட்டோ கண்ணை மூடிக்கொண்டான். வெயில் சாயும்வரை இருவரும் மூச்சுவிடவே பயந்து குந்தியிருந்தார்கள்.

யானைகள் போனபின் இறங்கினார்கள். அவன் சைக்கிள் அப்பளமாக நொறுங்கிக் கிடந்தது. ஒரே ஒரு தண்ணீர்க் கேன் மட்டும் உடையாமல் தப்பியிருந்தது. ரிபூரேயின் சைக்கிளை மாறி மாறித் தள்ளி, இருட்டுவதற்குள் கப்பிச் சாலையைப் பிடித்தார்கள்.

"நீ மிதி. நான் பின்னால உக்காந்து வர்றேன்," என்றாள்.

வீடுகளின் வெளிச்சம் தெரியும்வரை அவள் அவன் சட்டையை இறுக்கிப் பிடித்த பிடியை விடவே இல்லை.