முப்பத்தொன்றாம் அத்தியாயத்து மழை

மாடம்பாக்கத்தில் சௌகத் அலி வீட்டு ஹாலில் உட்கார்ந்திருந்த பெண்ணின் புடவை 2001 நவம்பரிலிருந்து 2008 பிப்ரவரி வரை முழுதாகக் காயவில்லை. மின்விசிறியை வேகமாக வைத்துப் பார்த்தார்கள், மே மாத வெயிலில் மொட்டை மாடியில் உட்கார வைத்தும் பார்த்தார்கள். மாடி சுட்டது, புடவை சொட்டியது. அவள் பெயர் மிதிலா. ஒரு வார இதழில் வந்துகொண்டிருந்த தொடர்கதையின் நாயகி. அந்த இதழ் வாசகர்களுக்கு ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல், அவள் கதையின் முப்பத்தொன்றாம் அத்தியாயத்தோடு நின்றுபோயிற்று. எழுதிக்கொண்டிருந்தவரும் அதே மாதம் காலமாகிவிட்டார். அந்தக் கடைசி அத்தியாயத்தில் மிதிலா கொட்டும் மழையில் கணவன் வீட்டை விட்டு வெளியேறி, செங்கல்பட்டில் மின்சார ரயிலேறி, ரயில் தாம்பரத்துக்குள் நுழையும்போது இருக்கையிலிருந்து எழுந்து நின்றாள். அதற்குக் கீழே ‘தொடரும்’ என்று போட்டிருந்தது. தொடரவில்லை. இரண்டு வாரம் நின்றபடியே பார்த்தாள். மூன்றாம் வாரம் இறங்கிவிட்டாள்.

ஷேர் ஆட்டோ ஓட்டும் குப்பன்தான் அவளைக் கொண்டுவந்து விட்டான். அன்றைக்கு வானத்தில் மேகம் என்று ஒன்று இல்லை. பின் சீட்டில் தண்ணீர் தேங்கி நிற்க, கூட ஏறியவர்கள் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தார்கள். “இன்னா மா இது, ஊர்ல ஒரு சொட்டு மழை கெடையாது, நீ மட்டும் தொப்பலா நனைஞ்சிகினு வர. சீட்டு பூரா நாஸ்தி பண்ட்டியே,” என்று வழி முழுக்கப் புலம்பினான். எங்கே இறங்கணும் என்று கேட்டதற்கு, கதை படிக்கிற வீடு எதுவானாலும் சரி என்றாள். வெள்ளிக்கிழமைதோறும் தாம்பரம் ஸ்டேஷன் கடையிலிருந்து பத்திரிகை வாங்கிவந்து அவன் கொடுக்கிற வீடு ஒன்றுதான். அங்கே நிறுத்தினான். சௌகத் அலியின் மனைவி பஷீரா கதவைத் திறந்தாள். வந்தவளைப் பார்த்தாள்: மஞ்சள் புடவை, அரக்கு பார்டர், இருபத்தொன்பதாம் அத்தியாயத்தில் பஸ் கதவில் மாட்டிக் கிழிந்த ஒரு சாண் கிழிசல். “வா மிதிலா, முதல்ல தலையைத் துவட்டு,” என்றாள்.

பஷீரா கல்யாணமாகி வந்த நாளிலிருந்து தொடர்கதை படிக்கிறவள். சௌகத் அலிக்கு கேம்ப் ரோட்டில் சோபாவுக்கும் கார் சீட்டுக்கும் உறை தைக்கிற கடை. அவருக்குக் கதை ஆகாது. ஆனால் மகள் ஃபரா அம்மாவைப் போலவே வளர்ந்தாள். வெள்ளிக்கிழமை பத்திரிகை வந்ததும் யார் முதலில் படிப்பது என்று இருவருக்கும் சண்டை வரும். கடைசியில் பஷீரா கத்தி முனையால் நடுவிலிருக்கும் இரண்டு பின்னையும் கழற்றுவாள். தாள்கள் தனித்தனியாகிவிடும். அம்மா படித்து முடித்த தாளை மகளிடம் தள்ளுவாள், அடுப்பில் பால் பொங்கினாலும் இருவரும் நிமிர மாட்டார்கள். பத்தாம் அத்தியாயத்தில் மிதிலா அடிபட்டு மேற்கு மாம்பலத்தில் இருக்கும் அம்மா வீட்டுக்கு ஓடுகிறாள். கட்டிக் கொடுத்தாயிற்று, இனி இங்கே உனக்கு இடமில்லை என்று ஜன்னல் வழியாகச் சொல்லிவிட்டு அந்த அம்மாள் கதவைத் திறக்காமலே போய்விடுகிறாள். அந்த வாரம் இருவரும் அழுதார்கள். “நீயா இருந்தா திறப்பியாம்மா?” என்று ஃபரா கேட்டாள். “போடி பைத்தியம், இதெல்லாம் ஒரு கேள்வியா,” என்றாள் பஷீரா.

2001 செப்டம்பரில் ஃபரா, காட்டாங்குளத்தூர் கல்லூரியில் கூடப் படித்த பிரிட்டோவைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டு போனாள். இனி இந்த வீட்டில் அவள் பேரை எடுக்கக் கூடாது என்று சௌகத் அலி சொன்னார். பத்து நாள் கழித்துத் தொலைபேசி அடித்தது. “அம்மா,” என்றது குரல். சௌகத் அலி பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். பஷீரா ஒன்றும் பேசாமல் ரிசீவரை வைத்தாள். அது மறுபடி அடிக்கவில்லை. மிதிலா வந்தது அதற்குப் பிறகு வந்த இரண்டாம் மாதம். ஆகவே அவளுக்கு எந்த அறையைக் கொடுப்பது என்று யாரும் யோசிக்க வேண்டியிருக்கவில்லை.

வீடு அவளுக்குத் தக்கபடி மாறிக்கொண்டது. சௌகத் அலி ஒரு நாற்காலிக்கு ரெக்சின் உறை தைத்துப் போட்டார், ஹால் தரையை வெட்டித் தோட்டம் வரை ஒரு சின்ன வாய்க்கால் எடுத்தார். காலையிலிருந்து அவள் எதுவும் சாப்பிடவில்லை என்று முப்பத்தொன்றாம் அத்தியாயத்தில் எழுதியிருந்ததால், எத்தனை தரம் சாப்பிட்டாலும் அவளுக்குப் பசித்தது. செய்தி பரவியதும் அந்தத் தொடரைப் படித்தவர்கள் சேலையூரிலிருந்தும் குரோம்பேட்டையிலிருந்தும் வந்தார்கள். யாரும் சந்தேகப்படவில்லை. எல்லோருக்கும் அவளைத் தெரியும். கதைக்கு ஆளுக்கொரு முடிவு கொண்டுவந்தார்கள். பக்கத்து வீட்டு பியூலா டீச்சர், மிதிலா பி.எட். முடித்து வேலைக்குப் போய்விட்டதாகச் சொன்னாள். ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியர் ஒருவர் கணவன் திருந்திவிட்டதாகச் சொன்னார். மிதிலா எல்லாவற்றையும் மரியாதையாகக் கேட்டுக்கொண்டாள். புடவை சொட்டிக்கொண்டே இருந்தது.

முதல் இடம் காய்ந்தது தற்செயலாக. ஒரு மதியம் பஷீரா பாகற்காய்க் குழம்பு பரிமாறினாள். மிதிலா ஒரு துண்டை வாயில் வைத்துவிட்டு, பிடித்திருக்கிறதா இல்லையா என்று தெரியாமல் அப்படியே உட்கார்ந்திருந்தாள். எழுதியவர் அதை எழுதியிருக்கவில்லை. பஷீரா அவள் முகத்தைப் பார்த்தாள். “உனக்குப் பாகற்காய் ஆகாது. அதை ஓரமா வை,” என்றாள். “ஆமாங்க்கா, ஆகாது,” என்று மிதிலா சொன்ன மாத்திரத்தில் வலது கைப்பக்கம் ரவிக்கை காய்ந்துவிட்டது. அதன் பிறகு பஷீராவுக்கு வழி தெரிந்தது. மிதிலாவுக்குப் பல்லியென்றால் பயம். கேரம் விளையாடினால் கள்ளாட்டம் ஆடுவாள். துணி மடிக்கும்போது தனக்குத்தானே பேசிக்கொள்வாள். தூங்கும்போது ஒரு கால் போர்வைக்கு வெளியே இருக்க வேண்டும். எழுத்தாளர் எழுதாமல் விட்ட இடங்களையெல்லாம் பஷீரா கூடவே இருந்து பார்த்துப் பார்த்துச் சொன்னாள், ஒவ்வொன்றுக்கும் ஒரு கை அகலம் காய்ந்தது. அவற்றில் பாதி ஃபராவின் வழக்கங்கள் என்பது சௌகத் அலிக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

2003இல் மழை பொய்த்தது. அடுத்த ஆண்டும் அப்படியே. ஏரி வெடித்துக் கிடந்தது, கிணறுகளில் கல் தெரிந்தது, தண்ணீர் லாரி வருகிற நாளில் தெருவில் அடிதடி நடந்தது. மிதிலாவின் புடவை மட்டும் நிற்காமல் சொட்டியது. அவள் முந்தானையை ஓர் அண்டாவில் விட்டுக்கொண்டு உட்காருவாள், தெருவே பிளாஸ்டிக் குடங்களோடு வரிசையில் நிற்கும். நல்ல மழைத் தண்ணீர், பருப்பு அதில் சீக்கிரம் வெந்தது. எதிர் வீட்டுச் செல்லம்மா ஒரு நாள் குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டே, “இன்னாக்கா, இந்தப் பொண்ணுக்கு அது புடிக்கும் இது புடிக்காதுன்னு எதுனா சொல்லிகினே கீற. கொஞ்ச நாளிக்கி வாய மூடிகினு இரு. தண்ணி கொறைஞ்சிகினு வர்து பாரு,” என்றாள். நியாயம்தான் என்று பஷீராவுக்கும் பட்டது. தெருவுக்காக வாயை மூடிக்கொண்டாள்.

2005இல் மழை வந்தது. மாடம்பாக்கத்தில் தெருக்கள் முழங்கால் அளவு நிறைந்தன, பெருங்களத்தூரில் சில இடங்களில் படகு விட்டார்கள். இனி யாருக்கும் மிதிலாவின் தண்ணீர் தேவைப்படவில்லை. அப்போதும் பஷீரா வாயைத் திறக்கவில்லை. தெருவுக்காக என்று சொல்லிக்கொண்டிருந்தது பொய் என்பது அவளுக்கே அப்போதுதான் தெரிந்தது. முந்தானை ஒன்றைத் தவிர மற்றதெல்லாம் காய்ந்திருந்தது. சொல்ல வேண்டியது ஒன்றே ஒன்றுதான் பாக்கி: மிதிலா எங்கே போகிறாள் என்பது. அதைச் சொன்னால் அவள் எழுந்து போய்விடுவாள். வீட்டிலிருந்து ஒரு பெண் போய் அந்த அறை காலியாகக் கிடந்ததைப் பஷீரா ஏற்கெனவே பார்த்தவள். இன்னொரு தரம் பார்க்க அவளுக்குத் தெம்பில்லை. முந்தானை சொட்டட்டும் என்று இருந்தாள். ஆண்டுகள் போயின.

2008 ஜனவரியில் சௌகத் அலிக்குக் கண்புரை ஆபரேஷன் நடந்தது. கடைக்குப் போகக் கூடாது, டிவி பார்க்கக் கூடாது. மூன்றாம் நாள் அவருக்குப் பொழுது போகவில்லை. “எதையாவது படியேன்,” என்றார். வீட்டில் கதையைத் தவிர வேறு எதுவும் இல்லை. பஷீரா பத்திரிகையிலிருந்து பிரித்துத் தைத்து வைத்திருந்த தாள்களை எடுத்து முதல் அத்தியாயத்திலிருந்து தொடங்கினாள். மிதிலா தன் நாற்காலியில் உட்கார்ந்து தன் கதையைக் கேட்டுக்கொண்டிருந்தாள். முதல் நாள் அவர் பாதியில் தூங்கிவிட்டார். இரண்டாம் நாள் தூங்கவில்லை. நான்காம் நாள் சாப்பாட்டைத் தள்ளி வைத்துவிட்டு, “அப்புறம்?” என்றார். பத்தாம் அத்தியாயம் வந்தது. ஜன்னல் சாத்தப்பட்டதும் அவர் எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

“பெத்தவளா அவ? அடிபட்டு வந்து நிக்கிற புள்ளைக்குக் கதவத் திறக்க மாட்டாளா? என்னா ஜென்மம் அது?”

பஷீரா தாளைத் திருப்பவில்லை. “திறக்க மாட்டாங்க,” என்றாள். “பக்கத்துல ஒருத்தர் மொறைச்சிகிட்டு நின்னா, போனைக்கூட வெச்சிடுவாங்க.”

சௌகத் அலி கட்டுப் போட்ட கண்ணைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். வாய்க்காலில் தண்ணீர் ஓடுகிற சத்தம் கேட்டது. “மேல படி,” என்றார். அந்த அம்மாள் பிறகு எங்காவது வருவாள் என்று அவர் காத்திருந்தது அவருடைய முகத்திலேயே தெரிந்தது. முப்பத்தொன்றாம் அத்தியாயம் முடிந்தது.

“அவ்ளோதானா?”

“அவ்ளோதாங்க.”

“இது அநியாயம். அந்தப் பொம்பள உள்ளயே இருந்துட்டா. பொண்ணு ரயில்லயே நின்னுட்டா. யாராவது ஒருத்தர் ஒரு அடி எடுத்து வெக்க வேணாமா?” என்றவர், ஆறரை ஆண்டாக அந்த வீட்டில் யாரும் சொல்லாத பேரைச் சொன்னார். “ஃபரா இப்ப எங்க இருக்கா, தெரியுமா உனக்கு?”

பஷீராவுக்குத் தெரியாது. பியூலாவுக்குத் தெரியும். பிரிட்டோவின் வீட்டார் அவள் போகிற சேலையூர் தேவாலயத்துக்கே வருகிறவர்கள். ஃபரா நாவலூரில் ஓர் அபார்ட்மென்டில் இருக்கிறாள், விலாசம் வேண்டுமென்றால் எழுதித் தருகிறேன், கேட்பீர்கள் கேட்பீர்கள் என்றுதான் இத்தனை நாளும் இருந்தேன் என்றாள் பியூலா. பஷீரா வாங்கிக்கொண்டாள். ஆனால் முதலில் வீட்டிலிருப்பவளுக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்ல வேண்டும் என்று நினைத்தாள். மிதிலாவின் எதிரில் உட்கார்ந்தாள்.

“நீ தாம்பரத்துல இறங்கியிருக்கக் கூடாது. மாம்பலம் வரைக்கும் போ. உங்கம்மா கதவைத் திறந்து வெச்சிருக்கா.”

மிதிலாவுக்கு முன்னால் பியூலாதான் பேசினாள். “அதெப்படிக்கா? அந்தப் பேச்சு பேசினவ திடீர்னு நல்லவளாயிட்டான்னா எந்த வாசகர் ஒத்துப்பாங்க?”

“நல்லவளால்லாம் ஆகல பியூலா. அன்னிக்கு ஜன்னலைச் சாத்திட்டு அவ உள்ள போகவேயில்ல. கதவுக்குப் பின்னாடியே நின்னுட்டிருக்கா. நின்னு நின்னு கால் வலிக்குது அவளுக்கு.”

மிதிலா மடியிலிருந்த முந்தானையை எடுத்துப் பார்த்தாள். அது காய்ந்திருந்தது. பசிக்கவில்லை என்றும் சொன்னாள். பிறகு, “நான் போயிட்டா உங்களுக்கு யாருக்கா?” என்று கேட்டாள். “எனக்கு ஒருத்தி இருக்கா,” என்றாள் பஷீரா.

புதன்கிழமை குப்பன் அவளை ஸ்டேஷனுக்கு ஏற்றிப்போனான். சீட்டில் விரிக்க ஒரு பழைய தார்ப்பாய் கொண்டுவந்திருந்தான், அவளைப் பார்த்துவிட்டு அதைச் சுருட்டி வைத்தான். “இப்பதான் நீ மனுசி மாதிரி கீற,” என்றான். சௌகத் அலி டிக்கெட் எடுத்துக் கொடுத்தார். கடற்கரை போகிற ரயில் வந்தது, பெண்கள் பெட்டியில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள், மற்றவர்கள் கையசைப்பது போலவே கையசைத்தாள். ரயில் சானடோரியம் பக்கம் திரும்பி மறைகிற வரை பஷீரா நின்றாள். வீட்டுக்கு வந்து வாய்க்காலைத் துடைத்தாள். அறை காலியாகத்தான் இருந்தது. அவள் பயந்த அளவுக்கு இல்லை.

ஞாயிற்றுக்கிழமை இருவரும் நாவலூருக்குப் போனார்கள். மேடவாக்கத்தில் பஸ் மாறி, சோழிங்கநல்லூரில் மறுபடி மாறி, வழியெல்லாம் பஷீரா சொல்ல வேண்டிய வாக்கியங்களை மனதுக்குள் அடுக்கிப் பார்த்தாள். சௌகத் அலி கண்ணாடி போட்ட கண்ணோடு ஒவ்வொரு கட்டடமாக எண் பார்த்துக்கொண்டு வந்தார், கையில் பழப்பை. நான்காம் மாடி. வாசலில் ஒரு குழந்தையின் சின்னச் செருப்பு கிடந்தது. பியூலா இதைச் சொல்லியிருக்கவில்லை, நேரில் பார்க்கட்டும் என்று விட்டிருந்தாள். இருவரும் அந்தச் செருப்பைப் பார்த்தபடி நின்றார்கள். பிறகு சௌகத் அலிதான் மணியை அடித்தார்.

ஃபரா கதவைத் திறந்தாள். கொஞ்சம் பூசினாற்போல் இருந்தாள். அம்மாவைப் பார்த்தாள், அத்தாவைப் பார்த்தாள், அவருடைய கறுப்புக் கண்ணாடியைப் பார்த்தாள். பஷீரா பஸ்ஸில் அடுக்கிய வாக்கியங்களில் ஒன்றுகூட வரவில்லை. கதவைப் பிடித்தபடி நின்ற மகள், இத்தனை வருடமும் கேட்க ஆளில்லாமல் வைத்திருந்ததைக் கேட்டாள்.

“மிதிலா என்னம்மா ஆனா? புக்கே நின்னுபோச்சே.”

“நம்ம வீட்லதான்டி இருந்தா. புதன்கிழமைதான் கிளம்பிப் போனா.”

ஃபரா தலையாட்டினாள். “வேற எங்க போவா,” என்று சொல்லிவிட்டு, அத்தாவின் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டு, அவர்கள் உள்ளே வர வழிவிட்டு நின்றாள்.