டிஸ்சார்ஜ் ஆனவன்

தல்லாகுளத்துக் கோர்ட்டுக்கு வெளியே புங்கமரத்து நிழலில் செல்லத்தாய் காலையிலிருந்து உட்கார்ந்திருந்தாள். மில்லில் வேலைநிறுத்தம் நடந்தபோது கல்லெறிந்தான் என்று அவள் புருசன் நல்லகாமனைப் பிடித்து உள்ளே போட்டிருந்தார்கள். அவன் எறியவில்லை. எறிந்தவன் யாரென்று அவனுக்குத் தெரியும். அடி வாங்கியும் சொல்லவில்லை.

வெயில் உச்சிக்கு வந்தபோது வக்கீல் குமாஸ்தா கண்ணுச்சாமி வேட்டியைத் தூக்கிப் பிடித்தபடி ஓடிவந்தார்.

"ஏத்தா, ஒம் புருசனுக்கு டிஸ்சார்ஜ்!"

அவள் பதறி எழுந்தாள். "எம்புட்டு வருசமுங்க?"

குமாஸ்தா சிரித்துவிட்டார். "வருசமுமில்ல, மாசமுமில்ல. சாட்சி பத்தாதுன்னு ஜட்ஜய்யா கேஸைத் தள்ளிட்டாரு. விடுதலை. கூட்டிட்டுப் போ."

வழியெல்லாம் அந்தச் சொல்லை வாய்க்குள் உருட்டிக்கொண்டே வந்தாள். அன்றைக்குக் கறி எடுத்துக் குழம்பு வைத்தாள். விசாரிக்க வந்தவர்களிடமெல்லாம், "டிஸ்சார்ஜு ஆயிருச்சுல்ல!" என்று அவளே முந்திக்கொண்டு சொன்னாள்.

மறுநாள் விடிந்ததும் அவன் மில்லுக்குப் போனான். உலை கொதிக்குமுன் திரும்பி வந்து வாசலில் நின்றான்.

"என்னய்யா, அதுக்குள்ள வந்துட்ட?"

"டிஸ்சார்ஜ் பண்ணிட்டாகளாம்."

"அதான் நேத்தே பண்ணிட்டாகளே!" என்று சிரித்தாள்.

அவன் சிரிக்கவில்லை. "நானும் அதத்தான் சொன்னேன் புள்ள. கேட்டுல நிக்கிற கணக்கர், நீ டிஸ்சார்ஜ்டான்னாரு. ஆமாங்கய்யா, கோர்ட்டுலயே ஆயிருச்சுன்னு சந்தோசமாச் சொன்னேன். எல்லாரும் சிரிச்சாக. கல்லெறிஞ்சவனும் அங்கதான் நின்னான். அவனும் சிரிச்சான்."

"அப்படின்னா?"

"வேலை போச்சுன்னு அர்த்தமாம்."

வேலை போனதைக்கூட அவன் தாங்கிக்கொண்டான். அந்தச் சிரிப்பைத்தான் தாங்க முடியவில்லை. அதன்பிறகு மில் இருக்கும் தெருப்பக்கமே அவன் போவதில்லை. எங்கே போவதானாலும் சுற்றிக்கொண்டுதான் போவான். வேறு மில்லிலும் சேர்க்கவில்லை. அலங்காநல்லூர்ப் பக்கம் அறுப்புக்குப் போனான். மில்லுக்காரனுக்கு அரிவாள் பிடிக்க வராது என்று அனுப்பிவிட்டார்கள். கடைசியில் பஞ்சு அடுக்கிவைக்கும் கிட்டங்கியில் மூட்டை தூக்கினான். உலகச் சண்டை வந்து அரிசி கிடைக்காமல் போன காலம். செல்லத்தாய் கட்டட வேலைக்குப் போய்ச் செங்கல் சுமந்தாள். மில்லுப் பஞ்சுத் தூசியில் முன்பே பிடித்திருந்த இருமல் அவனை உள்ளுக்குள்ளேயே தின்றது. ஒருநாள் இருமும்போது துண்டில் ரத்தம் தெரிந்தது.

தர்மாஸ்பத்திரியில் கொண்டுபோய்ச் சேர்த்தாள். பகலெல்லாம் செங்கல் சுமந்துவிட்டு, பொழுது சாயக் கஞ்சியோடு வந்து நிற்பாள். ஒருநாள் வரும்போது நர்சம்மா வராந்தாவில் எதிர்ப்பட்டாள்.

"ஒங்க வீட்டுக்காரருக்கு இன்னைக்கு டிஸ்சார்ஜ்."

பக்கத்தில் நின்ற, அடுத்த கட்டில் நோயாளியின் பெண்டாட்டி, "குடுத்து வச்சவ நீ!" என்றாள்.

செல்லத்தாய் நின்ற இடத்தைவிட்டு அசையவில்லை.

"எந்த டிஸ்சார்ஜும்மா?"

நர்சம்மாவுக்குப் புரியவில்லை.

"கோர்ட்டு டிஸ்சார்ஜா, மில்லு டிஸ்சார்ஜா?"

கேட்டவளின் முகத்தைப் பார்த்ததும் நர்சம்மாவுக்குச் சிரிப்பு வரவில்லை. கையிலிருந்த தட்டைச் சன்னலில் வைத்துவிட்டுக் கிட்டத்தில் வந்தாள்.

"வீட்டுல வச்சுப் பாத்துக்கங்க. என்ன கேட்டாலும் செஞ்சு குடுங்க. பத்தியமெல்லாம் வேண்டாம்."

செல்லத்தாய்க்கு அர்த்தம் புரிந்துவிட்டது. முந்தானையால் முகத்தை அழுந்தத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள்.

நல்லகாமன் தலைசீவிக் கட்டிலில் உட்கார்ந்திருந்தான். "டிஸ்சார்ஜாம்ல? அப்ப ஒடம்பு தேறிருச்சுன்னுதானே அர்த்தம்?"

"ஆமாய்யா" என்றாள்.

வாடிப்பட்டியில் அவன் அக்கா மலையம்மாள் இருந்தாள். செல்லத்தாய் ஒரு வண்டி பிடித்து அவனை அங்கே கூட்டிப்போனாள். வழிநெடுக அவன் பேசிக்கொண்டே வந்தான். மூச்சு வாங்கினால் நிறுத்தி, திரும்பத் தொடங்கினான்.

"தை பொறந்ததும் கோயம்புத்தூரு போறேன் புள்ள. அங்க மில்லுல நம்மள யாருக்குத் தெரியும்?"

"போவம்யா. நானும் கூட வாரேன்."

மார்கழியில் ஒருநாள் காலை, அவள் கஞ்சி ஆற்றிக்கொண்டிருக்கும்போதே அவன் மூச்சு நின்றது. மலையம்மாள் ஓடிவந்து வாய்விட்டு அழத் தொடங்கியபிறகும், செல்லத்தாய் கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைக்கவில்லை.